ஆக்குபை வால் ஸ்ட்ரீட் குறும்படங்களுக்குத் தமிழ் சப்டைட்டில்: 'மைக் செக்'கை எப்படி எழுதறது?

திரைகட்டி_மதுரை எழுதியது:

வணக்கம் மக்களே. மதுரைல நாங்க ஒரு பத்துப் பன்னெண்டு பேர் சேர்ந்து மாசத்துக்கு ஒருக்கா படம் போடறோம். ஒரு யூனியன் ஆபீஸ் மாடி, கடன் வாங்கின புரொஜக்டர், திரைன்னு சொல்றது ரெட்டை வேட்டியை இழுத்துக் கட்டினதுதான். வர்றவங்க பாதிப்பேர் ரிட்டயர்டு ஆன மில் தொழிலாளிங்க, கொஞ்சம் காலேஜ் பசங்க, ஸ்டாண்டுல இருந்து ரெண்டு மூணு ஆட்டோ அண்ணன்மார். அடுத்த மாசம் 2011ல நியூயார்க்ல, பெரிய பேங்குங்க இருக்கற வால் ஸ்ட்ரீட் பக்கத்துப் பார்க் ஒண்ணுல ரெண்டு மாசம் தங்கி, பேங்குங்களையும் பணக்காரங்க ஆதிக்கத்தையும் எதிர்த்து நடந்த ஆக்குபை வால் ஸ்ட்ரீட் போராட்டத்தப் பத்தின குறும்படங்களா ஒரு ஒண்ணரை மணி நேரத்துக்குப் போடலாம்னு பேசி முடிச்சாச்சு. எடுத்தவங்களுக்கு மெயில் போட்டு அனுமதி கேட்டுக்கிட்டு இருக்கோம், சிலர் தாராளமா போட்டுக்கோங்கன்னு சொல்லிட்டாங்க.

பிரச்சினை என்னன்னா எங்க கூட்டத்துல முக்கால்வாசிப் பேருக்கு இங்கிலீஷ் ஓடாது, அதனால தமிழ் சப்டைட்டில் நானே போடலாம்னு உக்காந்தேன், உக்காந்த முதல் நாளே மாட்டிக்கிட்டேன். அந்தப் பார்க்ல மைக் செட்டுக்கு போலீஸ் பர்மிஷன் குடுக்கல, அதனால ஒருத்தர் நாலு வார்த்தை சொல்லுவார், சுத்தி நிக்கறவங்க அதே நாலு வார்த்தையைச் சேர்ந்து கத்துவாங்க, கூட்டம் பெருசா இருந்தா பின்னாடி இருக்கறவங்க இன்னொரு தடவை கத்துவாங்க. நம்ம ஊர்ல வாய்ப்பாடு கிளாஸ்ல வாத்தியார் சொல்ல பசங்க திருப்பிச் சொல்ற மாதிரி. 'மைக் செக்'னு ஒருத்தர் குரல் குடுத்தா கூட்டமே 'மைக் செக்'னு திருப்பிக் கத்தும், அப்புறம் பேச்சு ஆரம்பிக்கும். இப்ப ஒரே வரி ரெண்டு தடவை மூணு தடவை காதுல விழுது, நான் கீழ எத்தனை தடவை எழுதணும்? எல்லாத்தையும் எழுதினா பாக்கறவன் கம்ப்யூட்டர் மாட்டிக்கிச்சுன்னு நினைப்பான், ஒரு தடவை எழுதிட்டு விட்டா திரை காலியா கிடக்கு.

ரெண்டாவது, 'ஆக்குபை'ங்கற வார்த்தைக்கு என்ன போடறது? அகராதிப்படி ஆக்கிரமிப்புன்னு போட்டேன், படிச்சுப் பாத்த எங்க செயலாளர் 'தம்பி, இது மாநகராட்சி நோட்டீஸ் மாதிரி இருக்கு'ன்னுட்டார். மூணாவது, எந்தப் படங்களைப் போடலாம்னும் சொல்லுங்க, இருக்கறது கடல் மாதிரி இருக்கு.

கருப்புவெள்ளை எழுதியது:

மூணாவது கேள்விக்கு மட்டும் நான் சொல்றேன், மத்ததுக்கு ஆள் வருவாங்க.

முதல்ல ஜெம் கோஹன் எடுத்த 'கிராவிட்டி ஹில் நியூஸ்ரீல்ஸ்'. மொத்தம் 12, எல்லாமே சின்னச் சின்னது. அவர் நியூயார்க்காரர், அந்தப் பார்க்குக்குத் திரும்பத் திரும்பப் போய் எடுத்தது. சுடச்சுட அந்த ஊர்லயே ஐ.எஃப்.சி சென்டர்னு ஒரு தியேட்டர்ல மெயின் படத்துக்கு முன்னாடி இதைப் போட்டாங்க. நம்ம ஊர்ல ஒரு காலத்துல படத்துக்கு முன்னாடி ஃபிலிம்ஸ் டிவிஷன் நியூஸ்ரீல் ஓடும்ல, வெள்ளம், அணை திறப்பு, மந்திரி ரிப்பன் வெட்றதுன்னு, அந்த இடத்துல போராட்டக்காரன் முகம் வந்தா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. உங்களுக்கு இதுல வசதி என்னன்னா விளக்கம் சொல்ற குரல் எதுவும் கிடையாது. முகம், அட்டை, தெரு, வெளிச்சம் அவ்வளவுதான். சப்டைட்டில் வேலை கம்மி.

அடுத்து மீர்காட் மீடியாங்கற குழு எடுத்த 'கன்சென்சஸ்'. பத்து நிமிஷத்துக்குள்ள முடிஞ்சுடும். தலைவர் இல்லாம ஒரு கூட்டம் எப்படி முடிவு எடுத்துச்சுங்கறது மட்டும்தான் விஷயம். விரலை மேல தூக்கி ஆட்டினா சம்மதம், கீழ தொங்கவிட்டு ஆட்டினா பிடிக்கல, ரெண்டு கையையும் நெஞ்சுக்குக் குறுக்கே கட்டினா 'நான் தடுக்கறேன்'னு அர்த்தம். உங்க யூனியன் பெரியவங்களுக்கு இதுதான் ரொம்பப் பிடிக்கும், இல்லைன்னா ரொம்பக் கோபம் வரும், ரெண்டும் நல்லதுதான். ரெண்டையும் போட்டு மிச்ச நேரத்துக்கு அந்தந்த ஊர்க்காரங்க எடுத்த துண்டுப் படங்கள் ரெண்டு மூணு சேத்துக்கோங்க, கலிஃபோர்னியால இருக்கற ஓக்லண்டை மறந்துடாதீங்க, அங்க நடந்தது நியூயார்க்கை விட மோசம்.

சுமார் நூறு பேர் ஊர் ஊரா எடுத்ததைச் சேத்து ஒட்டின முழுநீளப் படம் ஒண்ணு இருக்கு, 2013 சன்டான்ஸ் திரைப்பட விழாவுல போட்டாங்க, '99%'னு பேர். அதை இந்தக் கூட்டத்துக்குப் போட வேணாம்ங்கறது என் கருத்து. தலைவரே இல்லாத போராட்டத்தைத் தலைவரே இல்லாம எடுக்கணும்னு பாத்தாங்க, யோசனை நல்லாத்தான் இருக்கு, ஆனா நூறு கை போட்ட கூட்டுக்கறி மாதிரி ஆயிடுச்சு, எது என்னன்னு நாக்குக்குத் தெரியாது.

இன்னொரு விஷயம், இது ஏதோ 2011ல புதுசா முளைச்சதுன்னு அறிமுகப்படுத்தாதீங்க. 1930கள்ல அமெரிக்கப் பொருளாதார வீழ்ச்சி சமயத்துலயே நியூயார்க்ல 'ஃபிலிம் அண்ட் ஃபோட்டோ லீக்'னு தொழிலாளிங்க கூட நின்ன ஒரு குழு, வேலையில்லாதவங்க நடத்தின பசி ஊர்வலத்தை எல்லாம் படம் எடுத்து ஸ்ட்ரைக் நடக்கற இடத்துலயே போட்டுக் காட்டியிருக்கு. 1967ல 'நியூஸ்ரீல்'னு இன்னொரு குழு. உங்க மொட்டைமாடிக்கும் அந்த வரிசைல ஒரு இடம் உண்டு.

டீக்கடை_பெஞ்ச் எழுதியது:

மொட்டைமாடி இல்ல சார், மாடி. அது கிடக்கட்டும்.

நான் வேற மாதிரி ஒண்ணு சொல்றேன், யாரும் கோச்சுக்காதீங்க. 2011 செப்டம்பர் 17 ஆரம்பிச்சு நவம்பர் 15 விடியக்காலைல போலீஸ் வந்து அள்ளிட்டுப் போச்சு, 59 நாள். கோரிக்கைன்னு ஒரு தாள் கூட உருப்படியா எழுதித் தரல. ஆனா படம் மட்டும் ஆயிரக்கணக்குல இருக்கு. அதுலயும் பாதி எப்படி இருக்குன்னா, அப்பத்தான் கேனான் 5டி மார்க் டூ கேமரா எல்லார் கைலயும் வந்த நேரம், பின்னாடி எல்லாம் மங்கலா வச்சு, ஒரு தாடிக்கார இளைஞன் ஸ்லோமோஷன்ல அட்டையைத் தூக்குவான், பியானோ ஒண்ணு அழுதுக்கிட்டே இருக்கும், நடுவுல ஒரு சின்னக் குழந்தை சிரிக்கும். ஷாம்பூ விளம்பரத்துக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்? மில்லு மூடி பி.எஃப் பணத்துக்கு வருஷக்கணக்கா கோர்ட்டுக்கு அலைஞ்ச மனுசங்களைக் கூட்டி வச்சு இதைக் காட்டினா அவங்க என்ன நினைப்பாங்க?

பாத்_ட்ரெயின்_பயணி எழுதியது:

டீக்கடை அண்ணா, பியானோ விஷயத்துல உங்க பக்கம்தான் நான். ஆனா நேர்ல பாத்தவன்ங்கற முறைல கொஞ்சம் சொல்லணும், நீளமாத்தான் போகும்.

2011ல நான் ஜெர்சி சிட்டில தங்கி, ஒரு கன்சல்டிங் கம்பெனி மூலமா மன்ஹாட்டன் கீழ்முனைல ஒரு ஃபைனான்ஸ் ஆபீஸ்ல கான்ட்ராக்ட்ல வேலை பாத்தேன். தினம் நியூ ஜெர்சிக்கும் நியூயார்க்குக்கும் ஓடற பாத் ரயில்ல வந்து வேர்ல்ட் ட்ரேட் சென்டர் ஸ்டேஷன்ல இறங்கி நடந்தா ரெண்டே நிமிஷத்துல, போராட்டம் நடந்த ஸுக்காட்டி பார்க். பார்க்னு சொன்னதும் பச்சைப்பசேல்னு நினைச்சுக்காதீங்க, தரை பூரா கருங்கல், நடுநடுவுல ஒல்லியா மரங்க, ஒரு மூலைல சிவப்பு இரும்புல வானத்தைப் பாத்து நிக்கற ஒரு சிற்பம். மொத்தமே 33,000 சதுர அடி, நம்ம கணக்குல 14 கிரவுண்டுக்குக் கொஞ்சம் கம்மி. அதுக்குள்ள சமையல், லைப்ரரி, மருத்துவம், செருப்பு துணி குடுக்கற இடம், தூங்கற இடம், கமிட்டி கூட்டம் எல்லாம். அமெரிக்காவையே ஆட்டின போராட்டம்னு படத்துல பாத்துட்டு நேர்ல போனா, அட இம்புட்டுதானான்னு இருக்கும்.

அந்த இடத்தை ஏன் புடிச்சாங்கங்கறது உங்க ஆளுங்களுக்கு அறிமுகத்துல கட்டாயம் சொல்லுங்க. சிட்டி பார்க் எல்லாம் ராத்திரி பூட்டிடுவாங்க, அதனால போலீஸ் வெளியேத்திடலாம். இது தனியார் இடம், ஆனா அந்தக் காலத்துல பக்கத்துக் கட்டடத்தை உயரமா கட்டிக்க அனுமதி வாங்கறதுக்காக, பொதுமக்களுக்கு 24 மணி நேரமும் திறந்து வைக்கறோம்னு எழுதிக் குடுத்துட்டாங்க. அதாவது பணக்காரன் கூடுதல் மாடி கட்டறதுக்காகப் போட்ட கையெழுத்துல தான் இவங்க ரெண்டு மாசம் தூங்கினாங்க. இது எந்தக் குறும்படத்துலயும் சரியா வரலைங்கறது என் வருத்தம், படம் எடுக்கறவனுக்கு அட்டையும் ட்ரம்மும்தான் கண்ணுல படுது.

நான் மத்தியானம் சாப்பாட்டு டப்பாவோட போய் ஓரத்துல நிப்பேன். ஆபீஸ் பேட்ஜைக் கழட்டி பாக்கெட்ல போட்டுக்குவேன், எச்1பி விசாக்காரன், கேமரா எந்தப் பக்கம் திரும்பினாலும் நான் வேற பக்கம் திரும்பிடுவேன். எங்க பாத்தாலும் கேமரா, சொல்லவே முடியாது, அவ்வளவு கேமரா. டூரிஸ்ட் பஸ்ல இருந்து ஒரு வரிசை, டிவிக்காரங்க ஒரு வரிசை, போராட்டக்காரங்களே ஒருத்தரை ஒருத்தர் எடுப்பாங்க, போலீஸ்காரர் ஒருத்தர் கைல ஹேண்டிகேம் வச்சுக்கிட்டு இவங்களை எடுப்பார், அவரை இவங்க எடுப்பாங்க. ப்ராட்வே பக்கம் நடைபாதை ஓரமா அட்டைகளை வரிசையா தரைல பரப்பி வச்சிருப்பாங்க, காய்கறிச் சந்தைல கூறு கட்டி வைக்கற மாதிரி. ஒண்ணுல ஒரு பொண்ணு தன் கல்விக் கடன் எவ்வளவுன்னு நம்பர் மட்டும் எழுதி வச்சிருந்தா, வேற ஒரு வார்த்தை இல்ல. ஆபீஸ்ல நான் அன்னைக்கு டெஸ்ட் பண்ணின ஸ்க்ரீன்ல கூட அந்த மாதிரி நம்பர்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு.

அக்டோபர் 28 அன்னைக்கு ஃபயர் டிபார்ட்மென்ட் வந்து ஜெனரேட்டரை எல்லாம் தூக்கிட்டுப் போயிட்டாங்க, மறுநாளே பனி கொட்டுச்சு, அக்டோபர்ல அப்படிப் பனி அதிசயம். அப்புறம் போய்ப் பாத்தா சைக்கிளை ஸ்டாண்டுல நிறுத்தி மிதிச்சு பேட்டரி சார்ஜ் ஏத்திக்கிட்டு இருந்தாங்க. கேமராவுக்கும் லேப்டாப்புக்கும் அந்த கரண்டுதான். எடுத்த படத்துல ஒரு பங்கு காலால மிதிச்சு எடுத்ததுன்னு உங்க ஆட்டோ அண்ணன்மார்கிட்ட சொல்லுங்க, ரிக்‌ஷா காலத்து ஆள் யாராவது இருந்தா புரிஞ்சுக்குவார்.

ட்ரம் சத்தம், அது வேற கதை. படத்துல கேக்க நல்லா இருக்கும், பக்கத்துல குடியிருந்தவங்களுக்கு நரகம். ஒரு கட்டத்துல ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம்தான் அடிக்கணும்னு கமிட்டியே கெஞ்சிச்சு, அடிக்கறவங்க கேக்கல.

சப்டைட்டில்_சரவெடி எழுதியது:

நான் தொழில்முறையா இந்த வேலைதான் பாக்கறேன், கொரியன் சீரியல்ல இருந்து கல்யாண வீடியோ வரைக்கும். தம்பி கேட்ட கேள்வி நல்ல கேள்வி.

முதல்ல மைக் செக். முதல் குரல் வரும்போது வரியைப் போடுங்க, கூட்டம் திருப்பிச் சொல்லும்போது வரியை எடுத்துடாதீங்க, அப்படியே நிக்கட்டும். மூணாவது அலை வரும்போது எடுத்துடுங்க. ரெண்டு குரலுக்கும் ஒரே வரி நின்னா, சொன்னவர் வேற திருப்பினவங்க வேறன்னு காது பிரிச்சுக்கும், கண்ணு ஒண்ணா சேத்துக்கும். திரை காலியா கிடக்கேன்னு பயப்படாதீங்க, அது காது வேலை செய்யற நேரம்.

ஆனா உண்மையான சிக்கல் அது இல்ல, வினைச்சொல். இங்கிலீஷ்ல 'நாங்க வந்திருக்கோம்', 'ஏன்னா பேங்க்', 'புடுங்கிச்சு எங்க வீட்டை'ன்னு துண்டு துண்டா போகும், ஒவ்வொரு துண்டுக்கும் கூட்டம் திருப்பிச் சொல்லும். (இது நானா போட்ட உதாரணம், படத்து வசனம் இல்ல.) தமிழ்ல ஒழுங்கா எழுதினா 'பேங்க் எங்க வீட்டைப் புடுங்கினதால வந்திருக்கோம்', அதாவது முதல் துண்டு கடைசில வந்து நிக்குது. கூட்டம் வீடுன்னு கத்தும்போது நீங்க கீழ வந்திருக்கோம்னு போட்டுக்கிட்டு இருப்பீங்க. இதுக்கு வழி புத்தகத் தமிழை விட்டுட்டு நம்ம ஆளுங்க ஆத்திரத்துல பேசற மாதிரி எழுதறதுதான். 'வந்திருக்கோம்யா. எதுக்கு? வீட்டுக்காக. பேங்க்காரன் புடுங்கின வீட்டுக்காக.' ரேஷன் கடை வாசல்ல ஒரு அம்மா சத்தம் போட்டா இந்த வரிசைலதான் வரும், கவனிச்சுப் பாருங்க. கோபம் வந்தா தமிழ்ல வினைச்சொல் முன்னாடி வந்துடும்.

அடுத்து அவங்களோட முக்கியமான கோஷம், 'வீ ஆர் த 99 பெர்சன்ட்', அதாவது மேல இருக்கற 1 சதவீதப் பணக்காரங்க போக மிச்சம் 99 சதவீதம். இங்கிலீஷ்ல 'வீ'ன்னு ஒரே வார்த்தை, தப்பிச்சுட்டான். நமக்கு நாம, நாங்கன்னு ரெண்டு இருக்கு, நீங்க ஒண்ணைத் தேர்ந்தெடுத்தே ஆகணும். கண்ணாடி ஜன்னல்ல நின்னு வேடிக்கை பாக்கற ஆபீஸ்காரனைப் பாத்துக் கத்தினா 'நாங்கதான் 99'. நடைபாதைல போற ஆளைக் கூப்பிட்டுக் கத்தினா 'நாமதான் 99'. ஒரே படத்துல ஒரே கோஷம் ரெண்டுமா வரும், ஒவ்வொரு ஷாட்லயும் கத்தறவன் மூஞ்சி எந்தப் பக்கம் பாக்குதுன்னு பாத்துட்டு எழுதுங்க. கண்ணை மூடிக்கிட்டு எல்லா இடத்துலயும் நாங்கன்னு போட்டா படம் பாக்கற உங்க மில்லு ஆளுங்க வெளில நிக்கற மாதிரி ஆயிடும்.

ஆக்குபைக்கு ஆக்கிரமிப்பு வேணவே வேணாம். உங்க செயலாளர் சொன்னது நூத்துக்கு நூறு. நம்ம காதுல ஆக்கிரமிப்புன்னா அடுத்த வார்த்தை 'அகற்றம்', அதுக்கடுத்து பொக்லைன். பிளாட்பாரத்துல கடை போட்டவனைத் திட்டற வார்த்தையைத் தூக்கி இவங்க தலைல வைக்கக்கூடாது. பத்திரிகைகள்ல முற்றுகைன்னு போட்டாங்க, ஆனா முற்றுகைன்னா நம்ம ஊர்ல காலைல போய் சாயங்காலம் கல்யாண மண்டபத்துல அடைச்சு விட்டுடுவாங்க. குடியேறும் போராட்டம்னு நம்மகிட்டயே ஒண்ணு இருக்கு, பட்டா கேட்டு பாய் பாத்திரத்தோட போய் கலெக்டர் ஆபீஸ்ல உக்காருவாங்களே, அதுதான் கிட்டத்துல வரும். 'வால் ஸ்ட்ரீட்டில் குடியேறுவோம்'. இல்லைன்னா பேசாம ஆக்குபைன்னே விட்டுடுங்க, தப்பில்ல. அங்கேயே அந்த வார்த்தைக்கு சண்டை நடந்திருக்கு. இந்த நிலமே ஏற்கனவே எங்ககிட்ட இருந்து ஆக்குபை பண்ணினதுதானேன்னு பூர்வகுடி மக்கள் கேட்டாங்க.

சின்னச் சின்னது சில: ஃபோர்க்ளோஷருக்கு, அதாவது கடன் கட்டலைன்னு பேங்க் வீட்டை எடுத்துக்கறதுக்கு, 'ஜப்தி'ன்னு போடுங்க, சட்டப்படி துல்லியம் இல்லைன்னாலும் வயித்துல போய் உக்காரும். எல்லாரும் கூடி முடிவெடுக்கற ஜெனரல் அசெம்பிளிக்குப் பொதுக்குழு வேணாம், கட்சிப் பொதுக்குழு ஞாபகம் வந்து சிரிச்சுடுவாங்க, ஊர்க்கூட்டம் போதும். பெயில்அவுட்டுக்குக் கடன் தள்ளுபடின்னு எக்காரணம் கொண்டும் போடாதீங்க, அது நம்ம விவசாயி வார்த்தை. அரசாங்கம் பேங்குக்குக் கை குடுத்துச்சுன்னு போடுங்க.

திரைகட்டி_மதுரை எழுதியது:

அக்கா (அக்காதானே?), நாம நாங்க விஷயம் என் மண்டைல ஏறவே இல்ல இத்தனை நாளா, எல்லாத்துலயும் நாங்கன்னுதான் போட்டு வச்சிருந்தேன். இன்னைக்கு ராத்திரி பூரா மாத்தணும்.

பாத் ட்ரெயின் அண்ணா, நீங்க எழுதினதை அப்படியே அறிமுகத்துல படிக்கலாமா? பேர் சொல்ல மாட்டேன்.

டீக்கடை அண்ணன் கேட்டதுக்கு எனக்கே பதில் தெரியல, எங்க ஆளுங்களும் கேப்பாங்க, அப்புறம் என்னதான் ஆச்சுன்னு.

பாத்_ட்ரெயின்_பயணி எழுதியது:

தாராளமா படிங்க. அப்புறம் என்ன ஆச்சுன்னா, அந்தப் பார்க்ல ஒண்ணும் ஆகல. ஆனா அதே ஆளுங்கள்ல ஒரு பகுதி 2012 அக்டோபர்ல நியூயார்க்ல சாண்டி புயல் அடிச்சப்போ அரசாங்கத்துக்கு முன்னாடி சோறு தண்ணியோட போய் நின்னாங்க. அடுத்த மாசமே ஒரு குழு, வசூலாகாத கடனை பேங்குங்க அடிமாட்டு விலைக்கு விக்குமே, அதை இவங்களே வாங்கி, கடன்காரங்களுக்கு 'உங்க கடன் போச்சு, நீங்க ஒண்ணும் தர வேணாம்'னு லெட்டர் போட்டாங்க. சுமார் 7 லட்சம் டாலர் வசூல் பண்ணி 3 கோடி டாலருக்கு மேல கடனைக் கிழிச்சுப் போட்டாங்க, ஆஸ்பத்திரிக் கடனும் கல்விக் கடனும். அதே நவம்பர்ல நியூயார்க் ஃபாஸ்ட் ஃபுட் கடை ஆளுங்க மணிக்கு 15 டாலர் கேட்டு ஸ்ட்ரைக் பண்ணினாங்க, அப்போ குறைஞ்சபட்சக் கூலி 7.25 டாலர். 2016ல நியூயார்க் மாநிலம் படிப்படியா 15ன்னு சட்டம் போட்டுச்சு. பார்க்ல இருந்துதான் இதெல்லாம் வந்துச்சுன்னு நான் சொல்லல, சம்பளப் போராட்டத்துக்கு யூனியன் இருந்துச்சு, பணம் இருந்துச்சு. ஆனா 1 சதவீதம் 99 சதவீதம்ங்கற கணக்கு அதுக்கப்புறம் எல்லார் வாய்லயும் ஒட்டிக்கிச்சு.

அந்தக் கணக்கை முன்னாடியே ஸ்டிக்லிட்ஸ் எழுதியிருந்தார், நோபல் வாங்கின பொருளாதார ஆள். 2011 மே மாசம் ஒரு பத்திரிகைல, மேல இருக்கற 1 சதவீதம் நாட்டோட வருமானத்துல கிட்டத்தட்ட கால்வாசியை எடுத்துக்குது, சொத்துல 40 சதவீதம் அவங்ககிட்டன்னு. அக்டோபர்ல அவரே பார்க்குக்கு வந்தார். மைக் கிடையாது, அவ்வளவு பெரிய புரொஃபசர் நாலு வார்த்தை சொல்லிட்டு நிறுத்தறார், பசங்க திருப்பிச் சொல்றாங்க, அடுத்த நாலு வார்த்தை. வீடியோ இருக்கு, தேடினா கிடைக்கும். அதைப் போடுங்க தம்பி, பியானோ கிடையாது.

டீக்கடை_பெஞ்ச் எழுதியது:

சரி, ஆஸ்பத்திரிக் கடனைக் கிழிச்சது எனக்குத் தெரியாது. அதை எடுத்த குறும்படம் இருந்தா நானே மதுரைக்கு பஸ் ஏறி வரேன். ட்ரம் அடிச்சதை வேணாம்.

கருப்புவெள்ளை எழுதியது:

டீக்கடை சொல்ற ஷாம்பூ விளம்பரப் படங்களுக்கும் கச்சாவா ஃபோன்ல எடுத்ததுக்கும் நடுவுல ஒரு விஷயம். அந்தப் போராட்டத்தை ஊர் அறிய வச்சது அழகான படம் எதுவும் இல்ல, செப்டம்பர் 24 அன்னைக்கு போலீஸ் விரிச்ச ஆரஞ்சு வலைக்குள்ள அடைபட்டு நின்ன பொண்ணுங்க மூஞ்சில ஒரு போலீஸ் அதிகாரி மிளகு ஸ்ப்ரே அடிச்சுட்டு அவர் பாட்டுக்கு நடந்து போற துண்டு வீடியோ. அதுவரைக்கும் பெரிய டிவிங்க அதிகமா கண்டுக்கல. ஒரு வாரத்துல ப்ரூக்ளின் பாலத்துல 700 பேருக்கு மேல கைது.

அதே மாதிரி கோர்ட்டு. ஒரு மாணவர், போலீஸ் பக்கமும் யாராவது பதிவு பண்ணணும்னு நினைச்சு போட்டோ எடுக்கப் போனவர், 2012 புத்தாண்டு அன்னைக்கு அவரையே புடிச்சு உள்ள போட்டுட்டாங்க. ரோட்டை மறிச்சார்னு போலீஸ்காரர் கூண்டுல ஏறிச் சொல்றார். லைவ் ஸ்ட்ரீம்ல ஓடின வீடியோவையும் போலீசே எடுத்த வீடியோவையும் போட்டுப் பாத்தா கூட்டம் பூரா நடைபாதைல, ரோட்டை அடைச்சு நிக்கறது போலீஸ்தான். விடுதலை. அந்த வீடியோவுல அழகு ஒண்ணும் கிடையாது, கை நடுங்குது. நிகழ்ச்சில அந்த மாதிரி நடுங்கற துண்டு ஒண்ணாவது இருக்கணும், அதுக்கு நான் கேரண்டி.

நவம்பர் 15 ராத்திரி வெளியேத்தினப்போ பத்திரிகைக்காரங்களைப் பக்கத்துல விடல, அதனால அந்த ராத்திரிக்கு அந்த மாதிரிப் படங்கதான் சாட்சி. 5,000 புத்தகத்துக்கு மேல இருந்த லைப்ரரியை குப்பை லாரில ஏத்தினாங்க, அதுக்கு 2013ல நகர நிர்வாகம் 47,000 டாலர் நஷ்டஈடு குடுத்துச்சு.

மலைக்காட்டுக்காரி எழுதியது:

நான் மூணாறு பக்கம் எஸ்டேட்ல பொறந்தவ, இப்ப தேனில இருக்கேன். 2015 செப்டம்பர்ல அங்க தேயிலை எஸ்டேட் பொம்பளைங்க பெம்பிளை ஒருமைன்னு (பெண்கள் ஒற்றுமைன்னு அர்த்தம்) ரோட்டுல உக்காந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். போனஸ் 20 சதவீதம் இருந்ததை 10 ஆக்கினாங்க, தினக்கூலி 232 ரூபாய், அதுக்குத்தான். யூனியன் தலைவருங்களையே கிட்ட வராதேன்னு விரட்டி விட்டாங்க. எங்க அத்தை அதுல இருந்தாங்க. கோஷம் அவங்களே கட்டினதுதான், ஒருத்தி எடுத்துக் குடுப்பா, மலையே திருப்பிச் சொல்லும், மைக் கிடையாது. நீங்க மைக் செக்னு எழுதினதைப் படிச்சதும் எனக்கு அந்தச் சத்தம்தான் காதுல கேட்டுச்சு.

டிவிக்காரங்க எடுத்தது கிடைக்கும், ஆனா அதுல எல்லாம் மந்திரி, பேச்சுவார்த்தை, நேரலைன்னு இருக்கும். எங்க அத்தை மகன் ஒரு சின்ன ஃபோன்ல எடுத்தான். ரோட்டுல உக்காந்துக்கிட்டே கட்டஞ்சாயா குடிக்கறது, மழைக்கு கொழுந்து புடுங்கறப்போ கட்டற பிளாஸ்டிக் படுதாவைத் தலைக்கு மேல புடிச்சுக்கறது, ஒரு அக்கா பையை மடில வச்சுக்கிட்டு உக்காந்த வாக்குல தூங்கறது. அந்த ஃபோன் அப்புறம் தண்ணில விழுந்துச்சு, மெமரி கார்டு படிக்கல. அவ்வளவுதான், போச்சு. நியூயார்க்ல 59 நாளும் கிடைக்குது, எங்களுக்கு 9 நாள்ல ஒரு மத்தியானம் கூட இல்ல. உங்க நிகழ்ச்சி முடிஞ்சதும் யார்கிட்ட என்ன வீடியோ கிடக்குன்னு கேளுங்க தம்பி, மில்லு மூடின சமயத்து போட்டோ கூட இருக்கலாம், யாராவது காப்பி எடுத்து வைங்க.

சப்டைட்டில்_சரவெடி எழுதியது:

அக்காதான். மலைக்காட்டு அக்கா, அந்த மெமரி கார்டைத் தூக்கிப் போட்டுட்டீங்களா? இருந்தா சொல்லுங்க, எனக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல, படிக்காத கார்டுல இருந்து வீடியோவை மீட்கற வேலையாத்தான் இருக்கான். வரும்னு வாக்கு குடுக்க முடியாது, பாக்கலாம்.

மலைக்காட்டுக்காரி எழுதியது:

அத்தை வீட்டுல சாமி போட்டோவுக்குப் பின்னாடி ஒரு பழைய மாத்திரை டப்பால சில்லறைச் சாமான் போட்டு வச்சிருப்பாங்க. அதுல இருக்கலாம். ஞாயித்துக்கிழமை ஃபோன் பண்ணிக் கேக்கறேன்.

திரைகட்டி_மதுரை எழுதியது:

நேத்து ஒரு சோதனை ஓட்டம் பாத்தோம், மூணு நிமிஷத் துண்டு, அக்கா சொன்ன மாதிரி வரியை ரெண்டாவது அலை முடியற வரைக்கும் நிறுத்தி வச்சு. பாக்க அஞ்சு பேர். ஸ்டாண்டு ஆட்டோ அண்ணன் சம்சாரத்தையும் கூட்டிட்டு வந்திருந்தார், அவங்களுக்கு வேகமா படிக்க வராது. அதனால அவர் ஒவ்வொரு வரியையும் மெல்ல படிச்சுக் காட்டினார். முதல் குரல் வரும்போது படிக்க ஆரம்பிப்பார், அங்க கூட்டம் திருப்பிச் சொல்ற நேரத்துல இங்க இவர் படிச்சு முடிச்சிருப்பார், சரியா பொருந்துது. கொஞ்ச நேரத்துல பின்னாடி உக்காந்திருந்த எங்க செயலாளர், காது கொஞ்சம் மந்தம், 'என்னய்யா சொன்னே, சத்தமா சொல்லு'ன்னார். அவர் சத்தமா படிக்க ஆரம்பிச்சுட்டார். நான் சும்மா இருங்கன்னு சொல்ல வாயெடுத்தேன், சொல்லல.

கடைசிப் பட்டியல் இப்போதைக்கு: 'கன்சென்சஸ்', ஜெம் கோஹன்ல மூணு கேட்டிருக்கோம், ஸ்டிக்லிட்ஸ் பேச்சு, ஒரு நடுங்கற துண்டு. ஓக்லண்ட் படத்துக்கு இன்னும் அனுமதி பதில் வரல. தலைப்பு 'குடியேறுவோம்'. டீக்கடை அண்ணே, கடன் கிழிச்ச படம் தேடறேன், கிடைச்சா பஸ் டிக்கெட் உங்க செலவு.

இன்னும் ஒரே ஒரு தொல்லை, அந்த ட்ரம் சத்தம் வர்ற இடத்துல எங்க ஸ்பீக்கர் கிழியுது, பாஸ் குறைச்சா பேச்சும் சேர்ந்து அமுங்குது. பழைய அஹுஜா ஆம்ப்ளிஃபயர், தூண் மாதிரி நீளமா இருக்கற ரெண்டு 'காலம்' ஸ்பீக்கர். யாராவது சவுண்ட் சர்வீஸ் ஆளுங்க இருந்தா சொல்லுங்க.